இருபத்தெட்டிலிருந்து முப்பத்தேழு வரை

இந்த ஊரில் பனி விழுவதில்லை.
நாங்கள் செய்கிறோம்.
அடித்தளத்தில், ஈரமெல்லாம் உறிஞ்சப்பட்ட அறையில்
திரவ ஈத்தேனுக்குள்
ஒரு துளி நீரைச் சட்டென்று இறக்குவோம்.
படிகமாகலாமா என்று
அது யோசித்து முடிப்பதற்குள்
கண்ணாடியாகிவிடும்.
உள்ளே, நீந்தியபடியே நின்றுபோன
டெங்கிக் கிருமிகள்.

மழை வந்தால் ஹுய் ஷானுக்குக் கோபம் வரும்.
கதவைத் திறக்கும் ஒவ்வொருவரும்
சட்டையில் மழையைக் கொண்டுவருகிறார்களாம்,
வேண்டாத உறைதுகள் மாதிரியில் ஒட்டுகிறதாம்.
சிங்கப்பூரில் மழையில்லாத மாதம் எது என்று
நான் கேட்டதில்லை.

தனிப்படம் எதிலும் ஒன்றும் தெரியாது.
சாம்பலின் மேல் சாம்பல் வட்டங்கள்.
இருபதாயிரம் வட்டங்களைப் பொறுக்கி
திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
கணினி ஒரு வாரம் முனகிய பிறகு
ஒரு முகம் எழும்.
அந்த இருபதாயிரத்தில் எதனுடைய முகமும் அல்ல அது.
அதைத்தான் தெளிவு என்கிறோம்.

இருபத்தெட்டு டிகிரியில், கொசுவின் சூட்டில்,
அதன் நூற்றெண்பது புரதங்களும்
பாய் முடைந்தாற்போல் நெருங்கிக் கிடக்கும்.
வழவழப்பு. பிடிக்க இடமில்லை.
முப்பத்தேழில், நம் சூட்டில்,
முடைச்சல் விட்டு, உப்பி, மேடும் பள்ளமுமாகும்.
வேலை முடிந்து வீடு திரும்பியவன்போல
காலர் பொத்தானைக் கழற்றிக்கொள்கிறது.
இந்த ஒன்பது டிகிரிக்கு
என் நான்கு வருடம்.

சனிக்கிழமை பத்தரைக்கு அழைப்புமணி.
வாரியத்து அதிகாரி. பெயர்ப்பட்டையில் ஸுல்கிஃப்லி.
கையில் டார்ச்சும் ஒரு சின்ன அகப்பையும்.
கீழே மின்தூக்கி அருகே சிவப்புப் பதாகை தொங்கி
பன்னிரண்டு நாள்;
எங்கள் புளோக்கில் பதினோரு பேர்.
பதினோராவது ஆள் எதிர்வீட்டு இர்ஃபான்.
ரத்தத் தட்டணுக்கள் முப்பதாயிரத்துக்கு இறங்கி
வியாழக்கிழமைதான் ஏறத் தொடங்கின.

குளியலறை, வாளி, துணிக்கழி செருகும் குழாய்,
எல்லாம் உலர்ந்திருந்தன. நானே முன்னால் நடந்து காட்டினேன்.
என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார், பேச்சுக்கு.
சொன்னேன்.
கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.
தலையாட்டிக்கொண்டே அவர்
பாண்டான் தொட்டியைத் தூக்கினார்.

அடித்தட்டில் இரண்டு விரல் தண்ணீர்.
டார்ச் வெளிச்சம் விழுந்ததும்
தலைகீழாய்த் தொங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவை
நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின,
பிறகு ஒவ்வொன்றாய் மேலே வந்தன.
ஆறு கோடி ரூபாய்க் கருவி எதுவும் தேவைப்படவில்லை.
ஏழு என்று எண்ணினேன்.
ஒன்பது என்றார்.

இருநூறு வெள்ளி. கைப்பேசியிலேயே கட்டலாம்.

எந்தக் கொசு, எந்தத் தட்டு, எந்த மாலை ஐந்து மணி?
பதினோரு வீடுகளையும் அடுக்கிப் பார்த்தால்
எழும் முகம் யாருடையதுமாக இராது
என்று அன்றிரவு எனக்கு நானே விளக்கினேன்.
விளக்கம் சரியாகத்தான் இருந்தது.
தூக்கம்தான் வரவில்லை.

திங்களன்று ஹுய் ஷான் புதுப்படத்தைத் திருப்பிக் காட்டினாள்.
இந்தப் பள்ளத்தைப் பார், எதிர்ப்பொருள் ஒன்று
இங்கே கால் ஊன்றலாம்.
யாருடைய ரத்தத்திலிருந்து எடுத்தது என்று கேட்டேன்.
விநோதமாகப் பார்த்துவிட்டு
ஓர் எண்ணைச் சொன்னாள்.

மாலை எதிர்வீட்டுக் கம்பிக்கதவு திறந்திருந்தது.
இர்ஃபான் சோபாவில், கை முழுக்க ஊசித் தழும்போடு,
கஞ்சியை வெறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
சொல்லிவிடத்தான் போனேன்.
ரொஹானா நாற்காலி இழுத்துப் போட்டார்.
பாண்டான் எப்படி இருக்கிறது என்றார்.
நன்றாக வளர்கிறது என்றேன்.
தண்ணீர் மட்டும் நிறைய ஊற்றிவிடாதே,
என்றார்.